தார்தென் சகோதரர்கள்: 1992-இல் தோற்றதும் அதன் பிறகு செய்ததும்

படப்பெட்டி

பெல்ஜியத் திரைப்பட இயக்குநர்களான தார்தென் சகோதரர்களைப் பற்றி இந்த மன்றத்தில் பேச்சு வரும்போதெல்லாம் அது விருதுக் கணக்காகவே முடிந்துவிடுகிறது. 1999-இல் 'ரொசெட்டா', 2005-இல் 'தி சைல்ட்', இரண்டுக்கும் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப் பனை. 2025-இல் 'யங் மதர்ஸ்' படத்துக்குத் திரைக்கதை விருது. எல்லாம் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அவர்களுடைய வாழ்க்கையில் முக்கியமான ஆண்டு 1992. அந்த ஆண்டு அவர்கள் ஒரு படமெடுத்துத் தோற்றார்கள். அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. அண்ணன் ழான்-பியேர் 1951-இல் பிறந்தவர், தம்பி லூக் 1954. பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் வல்லோனியா பகுதி, லியேஜ் நகருக்குப் பக்கத்தில் மியூஸ் ஆற்றங்கரை. அண்ணன் நாடகம் படித்தார், தம்பி தத்துவம் படித்தார். ஆர்மான் கத்தி என்ற பிரெஞ்சு நாடகக்காரர் அண்ணனுக்கு ஆசிரியராக வந்தார். தம்பியும் சேர்ந்துகொண்டார். சாதாரண மனிதர்களை வைத்து, அவர்கள் வாழ்ந்ததையே அவர்களைக் கொண்டு சொல்லவைக்கும் வேலையை இருவரும் அவரிடம்தான் கற்றார்கள். அப்புறம் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து, அந்தக் காசில் வீடியோ கருவிகள் வாங்கினார்கள். தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போய் மனிதர்களைப் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். 1975-இல் 'தெரீவ்' என்று ஆவணப்படங்களுக்காக ஓர் அமைப்பு தொடங்கினார்கள்.

கதைப்படத்துக்கு வந்தது 1987-இல். 'ஃபால்ஷ்' என்ற அந்தப் படம் ஒரு நாடகத்தின் திரைவடிவம். அடுத்தது 1992-இல் 'ஜ பான்ஸ் அ வூ', அதாவது 'உங்களை நினைக்கிறேன்'. எஃகு ஆலை மூடப்பட்டு வேலை இழந்த ஒருவனின் கதை. பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவோடு வேலை செய்த ழான் க்ரூவோ சேர்ந்து எழுதினார். அனுபவமுள்ள நடிகர்கள், பெரிய குழு. கதை அவர்கள் ஊர்க்கதை, அவர்கள் நன்றாக அறிந்த வாழ்க்கை. ஆனாலும் படம் விழுந்தது. வழக்கமான முறையில் படமெடுக்கத் தெரிந்த பெரிய குழுவுக்குள் தங்கள் குரல் தொலைந்துபோனதாகப் பின்னால் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பற்றி இன்றுவரை அவர்களுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

அப்போது அண்ணனுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. திரும்ப ஆவணப்படத்துக்கே போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் செய்தது வேறு. 1994-இல் 'லே ஃபில்ம் த்யூ ஃப்லவ்' என்று சொந்தத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார்கள். பெயருக்கு 'ஆற்றின் படங்கள்' என்று பொருள். குழுவைச் சுருக்கினார்கள், ஆவணப்பட அனுபவம் உள்ளவர்களைக் கூட வைத்துக்கொண்டார்கள், அறியப்படாத முகங்களைத் தேடினார்கள். 1996-இல் 'லா ப்ரொமெஸ்', அதாவது 'வாக்கு', வந்தது.

அந்த நான்கு ஆண்டுகளில் எடுத்த முடிவுகளைத்தான் இன்றுவரை அவர்கள் பின்பற்றுகிறார்கள் என்பது என் வாதம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

தொகுப்பறை

நல்ல இழை. நான் படத்தொகுப்பு உதவியாளன் என்பதால் என் பக்கத்திலிருந்து ஒரு விஷயம் சொல்கிறேன். 'லா ப்ரொமெஸ்' தொடங்கி அவர்கள் எடுத்த மிகப் பெரிய முடிவு, கதை வரிசையிலேயே படம்பிடிப்பது.

வெளியிலிருந்து பார்த்தால் இது சாதாரணமாகத் தெரியும். வழக்கமாக ஒரு வீட்டில் பத்துக் காட்சிகள் இருந்தால் பத்தையும் ஒரேயடியாக எடுத்துவிட்டு வீட்டைக் காலி செய்வார்கள். வாடகை, ஆள், விளக்கு, எல்லாவற்றிலும் மிச்சம். தார்தென்கள் முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை கதையில் வரும் வரிசையில் எடுக்கிறார்கள். அப்படியென்றால் அந்த வீடு படப்பிடிப்பு முடியும்வரை அவர்கள் கையில் இருக்க வேண்டும். முன்பு எடுத்த காட்சி சரியில்லை என்று தோன்றினால் திரும்பப் போய் எடுப்பதற்கும் இது வசதி. அவர்கள் அப்படிப் போவார்கள்.

இந்தச் செலவை வேறொரு தயாரிப்பாளர் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர்களே தயாரிப்பாளர் என்பதால் முடிகிறது. எங்கே மிச்சம் பிடிக்கிறார்கள் என்றால் ஒளியமைப்பில், இடங்களில், ஆட்களில். நாடு விட்டு நாடு போகும் படப்பிடிப்பு கிடையாது. எல்லாம் லியேஜுக்குப் பக்கத்திலுள்ள செராங் நகரைச் சுற்றியே. அதாவது 1994-இல் நிறுவனம் தொடங்கியதும் படமெடுக்கும் முறையும் ஒன்றோடொன்று பின்னியவை. படப்பெட்டி சொல்வதை நான் அந்த அளவுக்கு முழுவதும் ஏற்கிறேன்.

உறையூர்வாசி

நான் ஏற்கவில்லை. ஒரு தோல்வி, அதிலிருந்து ஒரு ஞானம், அப்புறம் வெற்றி என்று கதை சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 1992-க்கு முன்னால் பல ஆண்டுகள் ஆவணப்படம் எடுத்திருக்கிறார்களே, அதை எங்கே வைப்பது? 'லா ப்ரொமெஸ்' படத்தின் கண் அந்த ஆண்டுகளில் உருவானது. 1992-இல் அவர்கள் கொஞ்ச நாள் வழிதவறினார்கள், பிறகு தங்கள் வழிக்கே திரும்பினார்கள். அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்த முறை ஒரு கட்டத்தில் அவர்களுக்கே சிறையாகிவிட்டது என்று நினைக்கிறேன். 'தி கிட் வித் எ பைக்' 2011. அதற்குப் பிறகு வந்தவற்றில் பாதியை, படம் தொடங்கி அரை மணி நேரத்தில் எங்கே போய் நிற்கும் என்று என்னால் சொல்லிவிட முடிந்தது. ஒருவர் கதவு கதவாகத் தட்டுவார், ஒரு நெருக்கடி வரும், கடைசி நிமிடத்தில் ஒரு மனித முகம் இளகும்.

மியூஸ் கரை

படிப்புக்காக லியேஜில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். செராங் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஊர் தெரியாமல் இந்தப் படங்களில் பாதி புரியாது.

செராங் லியேஜிலிருந்து ஆற்றோடு மேலே போனால் வரும் தொழில் நகரம். 1817-இல் ஜான் காக்கரில் என்ற ஆங்கிலேயப் பின்னணித் தொழிலதிபர் அங்கே ஆலை தொடங்கினார். ஐரோப்பாவின் எஃகுத் தொழிலில் ஒரு காலத்தில் பெரிய பெயர். 1970-களிலிருந்து ஒவ்வொன்றாக மூடத் தொடங்கினார்கள். ஊரின் அடையாளமாக நின்ற ஆறாம் எண் ஊது உலையை 2016 டிசம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். வயதானவர்கள் பலர் நின்று பார்த்தார்கள்.

சகோதரர்கள் வளர்ந்தது பக்கத்து ஊரில். சின்ன வயதில் அவர்கள் பார்த்த செராங், ஷிஃப்ட் முடிந்து ஆயிரக்கணக்கானோர் வெளியே வரும் ஊர். கேமரா வாங்கிப் படமெடுக்கத் தொடங்கியபோது அந்தக் கூட்டம் குறைய ஆரம்பித்திருந்தது. அவர்களுடைய கதைப்படங்களில் எப்போதும் ஒரு தனி ஆள்தான் இருப்பான் அல்லது இருப்பாள், கவனித்தீர்களா? பின்னால் சங்கமும் இல்லை, கட்சியும் இல்லை, கோயிலும் இல்லை. ரொசெட்டா தனியாள். 'தி சைல்ட்' படத்து ப்ரூனோ தனியாள். அந்தத் தனிமையை அவர்கள் கற்பனை செய்யவில்லை. கண்ணெதிரே ஒரு தொழிலாளர் சமூகம் கலைந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள்.

அதற்கு முந்தைய ஆவணப்படங்கள் அந்தச் சமூகம் இருந்த காலத்தைத் தேடிப் போனவை. 1979-இல் ஒன்று எடுத்தார்கள். லெயோன் என்ற பழைய தொழிலாளி தானே ஒரு படகு கட்டி அதை முதல் முறையாக மியூஸ் ஆற்றில் விடுகிறார். அந்தப் பயணத்தை வைத்துக்கொண்டு 1960-61 குளிர்காலத்தில் வல்லோனியா முழுவதையும் நிறுத்திய பொது வேலைநிறுத்தத்தைப் படம் நினைவுகூர்கிறது. அடுத்த ஆண்டு எடுத்தது காக்கரில் ஆலைக்குள் தொழிலாளர்கள் ரகசியமாக நடத்திய ஒரு பத்திரிகையைப் பற்றியது. நாஜி எதிர்ப்பு இயக்கம் பற்றி ஒன்று, அரசு சாராத சுதந்திர வானொலிகள் பற்றி ஒன்று, போலந்திலிருந்து குடியேறியவர்கள் பற்றி ஒன்று. எல்லாவற்றிலும் பேசுகிறவர்கள் முன்பு ஏதோ ஒரு பெரிய கூட்டத்தில் நின்றவர்கள்.

ஆக உறையூர்வாசி சொல்வதில் பாதி சரி. கண் அங்கேதான் உருவானது. ஆனால் ஆவணப்படங்களில் மனிதர்கள் உட்கார்ந்து நேற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். 'லா ப்ரொமெஸ்' படத்தில் யாரும் நேற்றைப் பற்றிப் பேசுவதில்லை. ஓடுகிறார்கள், தூக்குகிறார்கள், பொய் சொல்கிறார்கள், காசு எண்ணுகிறார்கள். இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது? அதற்கு 1992-தான் பதில் என்று எனக்கும் படுகிறது.

படப்பெட்டி

நன்றி மியூஸ் கரை. நான் சொல்ல வந்ததை என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள்.

1992 படத்தில் ஆலை மூடப்பட்டதே கதை. 1996 படத்தில் ஆலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் ஆலை போன பிறகு ஊரில் என்ன முளைத்தது என்பதைக் காட்டுகிறார்கள். ரோஜே என்பவன் ஆவணமில்லாத வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இடிந்த அறைகளை வாடகைக்கு விட்டு, அவர்களையே வைத்துக் கட்டட வேலையும் வாங்குகிறான். மகன் ஈகோர் அதில் உதவியாள், பதினைந்து வயது இருக்கும். சோதனைக்கு அதிகாரிகள் வரும்போது புர்கினா ஃபாசோவிலிருந்து வந்த அமிது சாரத்திலிருந்து விழுகிறான். சாகும்போது மனைவியையும் குழந்தையையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறான். ஈகோர் சரி என்கிறான். பையன் தன் இடுப்புப் பெல்ட்டைக் கழற்றி இரத்தம் நிற்பதற்காகக் கட்டுவான். அப்பன் வந்து அதை அவிழ்ப்பான். ஒரு வசனமும் இல்லாமல் இரண்டு மனிதர்களையும் அங்கே முழுவதுமாகத் தெரிந்துகொள்கிறோம். அப்பனுக்கும் கொடுத்த வாக்குக்கும் நடுவே பையன் மாட்டிக்கொள்வதுதான் மீதிப் படம்.

ஈகோராக நடித்த ஜெரெமி ரெனியேயைக் கவனியுங்கள். 'தி சைல்ட்' படத்தில் அதே ரெனியே தன் பச்சைக்குழந்தையை விற்றுவிடும் ப்ரூனோ. 'லார்னாஸ் சைலன்ஸ்' படத்தில் உடல் மெலிந்து போதைக்கு அடிமையானவன். 'தி கிட் வித் எ பைக்' படத்தில் மகனை இல்லத்தில் விட்டுவிட்டு முகம் கொடுக்காத தகப்பன். வாக்கைக் காப்பாற்றிய பையன் பதினைந்து ஆண்டுகளில் வாக்குத் தவறிய அப்பனாக வந்து நிற்கிறான். இவை தொடர்கதைகள் இல்லை, பாத்திரங்களும் வேறு வேறு. ஆனாலும் முகம் ஒன்று. வரிசையாகப் பார்ப்பவருக்கு வயிற்றைப் பிசையும்.

ஒலிவியே குர்மேவும் அப்படித்தான். ரோஜேயாக வந்தவர். 'ரொசெட்டா' படத்தில் வாஃபிள் கடை முதலாளி. 'தி சன்' (மகன்) படத்தில் தச்சுவேலை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். அந்தப் படமே குர்மே என்ற நடிகரை, அவர் முதுகை, அவர் கழுத்தை மனதில் வைத்துப் பிறந்தது. 2002 கானில் சிறந்த நடிகர் விருதும் வாங்கினார்.

அக்காவும் தம்பியும்

வணக்கம். நானும் என் தம்பியும் சேர்ந்து குறும்படம் எடுக்கிறோம். இந்த இழையைப் படித்ததும் கேட்க வேண்டும் என்று தோன்றியது. இரண்டு பேரும் தளத்தில் என்ன செய்கிறார்கள்? யார் நடிகரிடம் பேசுவது, யார் கேமராவிடம் பேசுவது? எங்களுக்குள் சண்டையே அங்கேதான் வருகிறது. ஒரே நடிகருக்கு நான் ஒன்று சொல்வேன், அவன் ஒன்று சொல்வான். நடிகர் குழம்பிப்போவார்.

தொகுப்பறை

அக்கா, அவர்கள் சொல்லியிருப்பதை வைத்து எழுதுகிறேன்.

கதையை இருவரும் பேசிப் பேசி உருவாக்குகிறார்கள். அது மாதக்கணக்கில், சில கதைகளுக்கு ஆண்டுக்கணக்கில் ஓடும். காட்சிவரிசை தயாரானதும் லூக் உட்கார்ந்து முதல் பிரதி எழுதுவார். எழுதும்போதே ழான்-பியேரிடம் காட்டுவார், தொலைபேசியில் பேசிக்கொண்டே இருப்பார்கள். பிரதி இருவர் கையிலும் மாறி மாறிப் போகும்.

தளத்தில் உங்கள் பிரச்சினை வராததற்குக் காரணம் ஒத்திகை. படப்பிடிப்புக்கு முன்னால் ஒரு மாதம்போல நடிகர்களோடு உண்மையான இடங்களிலேயே ஒத்திகை பார்க்கிறார்கள். தொழில்நுட்பக் குழு அப்போது இருக்காது. சகோதரர்கள் இருவர், நடிகர்கள், ஒரு சின்ன வீடியோ கேமரா, அவ்வளவுதான். ஒருவர் எங்கே நிற்பார், கதவை எந்தக் கையால் திறப்பார், பையை எங்கே வைப்பார், எல்லாம் அங்கே முடிவாகும். கேமரா எங்கே என்பதும் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். குழு வருவதற்குள் அண்ணன் தம்பிக்குள் தர்க்கம் முடிந்திருக்கும்.

படம்பிடிக்கும்போது ஒருவர் நடிகர்களோடும் கேமராவோடும் இருப்பார், மற்றவர் மானிட்டரில் பார்ப்பார். அப்புறம் மாறிக்கொள்வார்கள். நிரந்தரமாக இன்னார் நடிப்பு, இன்னார் கேமரா என்ற பிரிவினை கிடையாது. ஒரு ஷாட் முடிந்ததும் இருவரும் தனியாகப் பேசிக்கொள்வார்கள், பிறகு ஒரு குரலாக வந்து சொல்வார்கள். நீண்ட ஷாட்கள், நிறைய டேக்குகள். இத்தனை ஆண்டுகளில் இருவரில் ஒருவர்கூடத் தனியாக ஒரு கதைப்படம் இயக்கியதில்லை.

குழுவும் மாறுவதில்லை. படத்தொகுப்பு மரி-எலன் தோஸோ, 'லா ப்ரொமெஸ்' காலத்திலிருந்து. ஒளிப்பதிவு பல படங்களுக்கு அலென் மார்க்கோவன். கேமராவைத் தோளில் சுமந்தவர் பெனுவா தெர்வோ, அவரே ஆவணப்பட இயக்குநரும்கூட. 'ரொசெட்டா' படத்தின் முதல் காட்சியைப் போட்டுப் பாருங்கள். வேலையை விட்டு நிறுத்தப்பட்டவள் ஆலைக்குள் கதவுகளை அறைந்துகொண்டு போகிறாள், கேமரா அவள் பின்னால் ஓடுகிறது. அவள் திரும்பிய பிறகுதான் கேமரா திரும்புகிறது. அவள் என்ன செய்யப்போகிறாள் என்று கேமராவுக்குத் தெரியாது என்ற உணர்வை அந்தச் சின்னத் தாமதம் கொடுக்கிறது. உண்மையில் ஒவ்வோர் அடியும் ஒத்திகை பார்த்தது.

கரிசல்

நான் சினிமாக்காரன் இல்லை, தொழிற்சங்க வேலையில் இருப்பவன். இவர்கள் படத்தில் நான் முதலில் பார்த்தது 'டூ டேஸ், ஒன் நைட்'. அதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

சாந்த்ரா என்ற பெண் மன அழுத்தத்துக்காக விடுப்பில் இருந்துவிட்டுத் திரும்ப வருகிறாள். நிர்வாகம் சக தொழிலாளர்கள் பதினாறு பேரிடம் வாக்கெடுப்பு வைக்கிறது: ஆளுக்கு ஆயிரம் யூரோ போனஸ் வேண்டுமா, அல்லது இவளுக்கு வேலை வேண்டுமா? போனஸ் ஜெயிக்கிறது. திங்கட்கிழமை மறுவாக்கெடுப்பு. சனி, ஞாயிறு இரண்டு நாளில் அவள் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்க வேண்டும்.

உறையூர்வாசி "கதவு கதவாகத் தட்டுவார்" என்று குறையாகச் சொன்னார். ஐயா, அந்தக் கதவு தட்டல்தான் படம். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் இருப்பவனுக்கு அந்த ஆயிரம் யூரோ தேவைப்படுகிறது. ஒருவனுக்குப் பிள்ளையின் படிப்பு, ஒருத்தி வீட்டைப் பழுதுபார்க்கிறாள், ஒருவன் வார இறுதியில் திருட்டுத்தனமாக இரண்டாவது வேலை பார்க்கிறான். அவர்களில் ஒருவரைக்கூடக் கெட்டவராகக் காட்டவில்லை. முதலாளி தான் எடுக்க வேண்டிய முடிவைத் தொழிலாளர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கி நிற்பதைக் கண்ணால் பார்க்கிறோம். இந்தத் தந்திரத்தை என் வேலையில் பல வடிவத்தில் பார்த்திருக்கிறேன். பக்கம் பக்கமாக எழுதினாலும் புரியவைக்க முடியாததை அந்தப் படம் ஒன்றரை மணி நேரத்தில் புரியவைக்கிறது.

முடிவைச் சொல்கிறேன், பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். வாக்கு எட்டுக்கு எட்டு வருகிறது, அவளுக்குப் பெரும்பான்மை இல்லை. ஆனாலும் அவளைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக முதலாளி சொல்கிறார். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவனின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் இடம் கிடைக்கும். அவள் மறுத்துவிட்டு வெளியே வருகிறாள். சங்கத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டுவேன்.

இன்னொரு கேள்வி. 'ரொசெட்டா' பார்த்துவிட்டு பெல்ஜிய அரசு ஒரு சட்டமே கொண்டுவந்தது என்கிறார்களே, உண்மையா?

படப்பெட்டி

சட்டம் உண்மை, காரணம் முழுக்க உண்மையில்லை. இளைஞர்களுக்கு முதல் வேலை கிடைக்கச் செய்யும் அந்தத் திட்டம் படம் வெளிவருவதற்கு முன்பே தயாராகிக்கொண்டிருந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் மூன்று விழுக்காடு அளவுக்கு இளைஞர்களை எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். படம் 1999-இல் தங்கப் பனை வாங்கி நாடு முழுவதும் பேசப்பட்டதும் திட்டத்துக்கு 'ரொசெட்டா திட்டம்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. 2000-இல் நடைமுறைக்கு வந்தது. படம்தான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்ற கதையைச் சகோதரர்களே மறுத்திருக்கிறார்கள்.

ஆனாலும் வேலை தேடும் ஒரு கற்பனைப் பெண்ணின் பெயர் அரசாங்கக் கோப்பில் ஏறியது சின்ன விஷயமில்லை. கேரவன்கள் நிற்கும் முகாமில் குடிகார அம்மாவோடு வாழ்கிற பெண். நகரத்துக்குப் போகும்போது ஒரு காலணி. திரும்பி வரும்போது குழாய்க்குள் ஒளித்து வைத்திருக்கும் ரப்பர் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொள்வாள். வயிற்றுவலி வந்தால் முடி உலர்த்தும் கருவியை வயிற்றில் வைத்துக்கொள்வாள். வேலைக்காக, தனக்கு நல்லது செய்த ஒரே பையனை முதலாளியிடம் காட்டிக்கொடுப்பாள். நமக்கு அவள்மேல் கோபம் வரவேண்டிய இடம் அது, ஆனால் வருவதில்லை.

எமிலி தெக்கென் அப்போது பதினேழு வயதுப் பெண், முதல் படம். கானில் சிறந்த நடிகை விருதைப் பகிர்ந்துகொண்டார். பின்னால் நல்ல நல்ல படங்கள் செய்தார். 2025 மார்ச்சில் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு 43 வயது. செய்தி வந்த அன்று படத்தை மறுபடி பார்த்தேன். கடைசியில் காஸ் சிலிண்டரைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு போவாள், அதற்கு மேல் அன்று பார்க்க முடியவில்லை.

உறையூர்வாசி

கரிசல் ஐயா, 'டூ டேஸ், ஒன் நைட்' நல்ல படம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மரியோன் கோத்தியார் போன்ற பெரிய நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டு, நட்சத்திரம் என்பதே மறந்துபோகும்படி செய்தார்கள். அவருக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. என் குறை அதற்குப் பிறகு வந்தவற்றின்மேல்.

'தி அன்நோன் கேர்ள்' 2016. இரவில் ஒரு பெண் அழைப்புமணி அடித்தும் மருத்துவர் ஒருவர் கதவைத் திறக்கவில்லை, மறுநாள் அந்தப் பெண் பிணமாகக் கிடக்கிறாள். அருமையான தொடக்கம். அப்புறம் மருத்துவர் துப்பறிவாளராக மாறிவிடுகிறார், போகிற இடத்திலெல்லாம் ஆட்கள் உண்மையைக் கக்குகிறார்கள். கானில் காட்டிய பிறகு அவர்களே அதைச் சுருக்கித் திருத்தித்தான் வெளியிட்டார்கள்.

'யங் அகமத்' 2019. மதத் தீவிரத்தில் விழுந்த பதின்மூன்று வயதுப் பையன், தன் ஆசிரியையைக் கொல்லப் பார்க்கிறான். அவர்களுடைய மற்றப் படங்களில் கேமரா ஒருவன் முதுகைத் தொடர்ந்தால், அவன் பசியும் பயமும் நமக்கு வந்துசேரும். இங்கே அந்தப் பையனுக்குள் போக அவர்களுக்கு வழி கிடைக்கவில்லை. அவன் உலகத்தை அவர்கள் வெளியிலிருந்தே பார்க்கிறார்கள். கடைசியில் ஒரு விபத்து வந்து அவனை மாற்றவேண்டியிருக்கிறது. ஈகோருக்கு விபத்து கதையைத் தொடங்கி வைத்தது, மாற்றம் ஒன்றரை மணி நேர உழைப்பில் வந்தது. அகமதுக்கு விபத்தே மாற்றத்தைக் கொடுத்துவிட்டது. இதற்குச் சிறந்த இயக்குநர் விருது கொடுத்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஒப்பவில்லை.

மியூஸ் கரை

'யங் அகமத்' பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் 2011-க்குப் பிறகு என்று மொத்தமாகக் கோடு போடாதீர்கள். 'டோரி அண்ட் லோகிடா' அதற்குப் பிறகு, 2022-இல் வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பையனும் ஒரு பெண்ணும் அக்கா தம்பி என்று சொல்லிக்கொண்டு பெல்ஜியத்தில் வாழப் பார்க்கிறார்கள். பையனுக்குத் தங்கும் அனுமதி கிடைக்கிறது, அவளுக்கு இல்லை. இரத்த உறவு இல்லாத அந்த இருவருக்குமிடையே இருப்பதைவிட உண்மையான உடன்பிறப்பு உறவை நான் திரையில் பார்த்ததில்லை. உங்கள் கணக்குப்படி கடைசியில் ஒரு முகம் இளக வேண்டும். அந்தப் படத்தில் யாரும் இளகவில்லை. எழுபது வயதில் இரண்டு பேர் இவ்வளவு கோபத்தோடு படமெடுத்திருக்கிறார்கள்.

ஒரு கூடுதல் தகவல். அவர்களுடைய நிறுவனம் மற்றவர்களுக்கும் கூட்டுத் தயாரிப்பாளராக இருக்கிறது. பிரிட்டனின் கென் லோச்சின் 'ஐ, டேனியல் பிளேக்', ருமேனியாவின் கிறிஸ்தியன் முஞ்ஜியுவின் 'பியாண்ட் த ஹில்ஸ்', பிரான்ஸின் ழாக் ஓதியாரின் 'ரஸ்ட் அண்ட் போன்' எல்லாவற்றிலும் அவர்கள் பங்கு உண்டு. கோத்தியாரை அவர்கள் சந்தித்ததே ஓதியார் படத்தின்போதுதான். 1994-இல் தங்கள் படத்தைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளத் தொடங்கிய நிறுவனம் அது.

உறையூர்வாசி

'டோரி அண்ட் லோகிடா' விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன், அது என் கோட்டுக்கு வெளியே நிற்கட்டும். 'யங் மதர்ஸ்' படத்தில் அவர்களே எதையோ மாற்றிப் பார்க்கிறார்கள். தாய்-சேய் இல்லம் ஒன்றில் இருக்கும் ஐந்து இளம்பெண்கள். இத்தனை காலம் ஒரே ஆளைத் துரத்திய கேமரா இப்போது பலரிடம் போகிறது. ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்கு நகரும்போது, முதல்முறையாக அந்தப் பாத்திரங்களுக்குப் பின்னால் ஓர் இடம், முறை வைத்துச் சமைக்கும் ஒரு வீடு இருக்கிறது. மியூஸ் கரை சொன்ன அந்தக் கலைந்த கூட்டம் சின்ன அளவில் திரும்பக் கூடியதுபோல் இருந்தது. சில கதைகள் அவசரமாக முடிந்தாலும் எனக்குப் பிடித்தது.

1992 பற்றி என் கருத்து அப்படியே இருக்கிறது. ஆவணப்பட ஆண்டுகள்தான் அடித்தளம்.

அக்காவும் தம்பியும்

தொகுப்பறை, நீங்கள் எழுதியதைத் தம்பியிடம் படித்துக் காட்டினேன். அடுத்த படத்துக்கு ஒளிப்பதிவாளரைக் கூப்பிடுவதற்கு முன்னால் நாங்கள் இருவர் மட்டும் கைபேசியில் ஒத்திகையைப் பதிவு செய்யலாம் என்று பேசியிருக்கிறோம். ஒத்திகையில் உடை, பொருட்கள் எல்லாம் படத்தில் வருவதுபோலவே வைத்துக்கொள்கிறார்களா, அல்லது வசனமும் நடமாட்டமும் மட்டுமா? எங்களிடம் பணம் மிகக் குறைவு.

தொகுப்பறை

உடைக்கும் பொருளுக்கும் அவர்கள் கொடுக்கும் நேரத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு பாத்திரத்துக்கு எந்தச் சட்டை, எந்தக் காலணி என்பதை நடிகருக்குத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். தன் பாத்திரம் எப்படி நடக்கும் என்று நடிகர் கண்டுபிடிப்பதே அதில்தான். 'தி சன்' படத்தில் குர்மே இடுப்பில் கட்டியிருக்கும் தோல் பெல்ட்டை எடுத்துவிட்டால் அந்த ஆசிரியர் அப்படிக் குனிய மாட்டார், அப்படி நிமிர மாட்டார். மரச்சட்டங்களைத் தூக்குவது, மடக்கு அளவுகோலை விரிப்பது எல்லாம் அவர் கைக்குப் பழகியிருக்கிறது.

பணம் குறைவென்றால் விளக்கு வாடகையில் மிச்சம் பிடியுங்கள். உடை நடிகரின் சொந்தத் துணியாகவே இருக்கட்டும், ஆனால் ஒத்திகையின் முதல் நாளிலிருந்து அதையே போட்டிருக்கட்டும். காலணியை முக்கியமாகப் பாருங்கள். பையில் ஏதாவது இருக்க வேண்டுமென்றால் அதே எடையில் உண்மையான பொருளை வையுங்கள், காலிப் பையைத் தூக்குவது கேமராவில் உடனே தெரிந்துவிடும். படம் முடிந்ததும் தொகுத்த வடிவத்தை இங்கே பதிவிடுங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.